கூரத்துச் செப்பேடும் நால்வகை ஆராய்ச்சியும்

ஆராய்ச்சி என்னுஞ் சொல் கலாசாலைகளில் நாடோறும் வழங்குவது. எனினும், விஞ்ஞானம் பயில்வோர் அச்சொல்லைக் கேட்டவுடன் கண்ணாடிக் குழாய்களையும் நுண்ணோக்கியையும் நினைக்கின்றனர். சரித்திரம் பயில்வோர் பழைய ஏடுகளை நினைக்கின்றனர். கணித மாணாக்கர் ஒரு தாளும் எழுதுகோலும் போதும் என்பர். சட்டம் பயிலச் செல்வோரோ, தம் துறையில் ஆராய்ச்சி என்பதொன்று உண்டோ என்றே ஐயுறுவர். இவ்வாறு ஒவ்வொரு துறையும் தன் மதிலுக்குள் தனித்து நிற்பதாக எண்ணுதல் பரீட்சைக்கு வசதியாயிருக்கலாம், உண்மைக்குப் பொருந்துவதன்று. ஆராயப்படும் பொருள், தான் எந்த இலாகாவைச் சேர்ந்தது என்று அறியாது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதனிடம் எத்துணை வினாக்கள் கேட்கலாம் என்று பார்ப்பின், நான்கு துறைகளும் ஒன்றையொன்று நாடி வருதலைக் காணலாம். அதற்கு ஏற்றதாகக் காஞ்சிக்கு அண்மையிலுள்ள கூரம் என்னுஞ் சிற்றூரை இங்கு எடுத்துக்கொள்வோம்.

கூரம் என்றால் வைணவர்க்குக் கூரத்தாழ்வானே நினைவுக்கு வருவார். இராமாநுசரின் தலைமாணாக்கராகிய அவர் பிறந்த ஊர் இதுவே. அவரைப்பற்றிக் குருபரம்பரை கூறும் செய்தியொன்று நம் பொருளுக்கு மிகவும் இயைந்தது. பிரம்ம சூத்திரத்திற்குப் போதாயனர் இயற்றிய விருத்தியுரையைத் தேடி ஆசிரியரும் மாணாக்கரும் காசுமீரம் வரை சென்றனராம். ஏடு கைக்கு வந்தும், அதனை ஊருக்குக் கொண்டுபோக விடாமல் அங்குள்ளோர் மீட்டுக்கொண்டனராம். ஆசிரியர் வருந்தி நிற்க, இரவுதோறும் தாம் அதனைப் படித்து முற்றும் மனத்தில் இருத்திக்கொண்டதாகக் கூரத்தாழ்வான் விண்ணப்பஞ் செய்தாராம். இதனைச் சரித்திரமாகக் கொள்வதா, பக்தர் வழங்கிய கதையாகக் கொள்வதா என்பது வேறு வினா. ஆயினும், ஒரு நூலுக்கு உரை எழுதுமுன் முந்தையோர் சொன்னதைத் தேடிச்சென்று மூலத்தையே பார்க்கவேண்டும் என்ற கொள்கை அக்கதையில் நன்றாய்ப் பதிந்துள்ளது. அவ்விருத்தியுரை இன்று எங்கும் கிடைத்திலது.

வைணவப் பெருமைக்கு முன்னரே கூரம் சைவப் பெருமையும் உடையதாயிருந்தது. கி.பி. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதற் பரமேசுவரவர்மன் என்னும் பல்லவ வேந்தன் காலத்தில் இங்குச் சிவாலயம் ஒன்று எழுந்தது. அதற்கு ‘வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம்’ என்று பெயர். பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்த, தூங்கானை மாடம் என்று சிற்பநூலார் கூறும் அமைப்பில் அது கட்டப்பட்டது. அவ்வாலயத்திற்கு அரசன் அளித்த அறக்கட்டளையைக் கூறும் செப்பேடுகள் அவ்வூர்க் கோயில் தர்மகர்த்தாவின் வசம் இருந்தன. செர்மானிய அறிஞர் ஹூல்ட்ஷ் அவற்றைப் படித்து, 1890ஆம் ஆண்டு வெளிவந்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதற்றொகுதியில் பதிப்பித்தார். முற்பகுதி கிரந்த எழுத்தில் வடமொழி, பிற்பகுதி தமிழ். ஏடுகள் ஏழு.

முதலில் சரித்திர ஆராய்ச்சியைப் பார்ப்போம். இச்செப்பேட்டில் ஆண்டுக் கணக்கு எதுவுங் காணப்படவில்லை. அரசன் பெயரும் முன்னோர் பெயரும் உள; போர்களும் உள. நரசிம்மவர்மன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்னும் இடங்களிற் சளுக்கிய வேந்தன் புலிகேசியை முறியடித்ததை, புறங்காட்டி ஓடியவனுடைய முதுகாகிய பட்டயத்தில் வெற்றி என்னும் சொல்லை எழுதியதாகக் கவி புனைந்துரைக்கின்றார். (செப்பேட்டில் எழுதுவோர்க்குப் பகைவன் முதுகும் செப்பேடாகவே தோன்றியது போலும்!) பின்னர்ப் பரமேசுவரவர்மனைப்பற்றி வரும் பகுதியில், அவனுடைய அரிவாரணம் என்னும் யானையும் அதிசயம் என்னும் குதிரையும் வருணிக்கப்படுகின்றன, பல இலட்சம் படையோடு வந்த விக்கிரமாதித்தன் கந்தையொன்றே துணையாக ஓடினான் என்று அப்பகுதி முடிகின்றது.

இவ்விடத்தில் மாணாக்கன் ஒருவன் ‘பல்லவன் வென்றான்’ என்று எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடினால் அவனை ஆராய்ச்சியாளன் என்று சொல்லமாட்டோம். எதிர்க்கட்சியின் சாசனமும் உண்டன்றோ? சளுக்கியருடைய கட்வால் செப்பேடு, விக்கிரமாதித்தன் பல்லவரை அடக்கிக் காஞ்சியைக் கைக்கொண்டான் என்று சொல்கின்றது. காவிரியின் தென்கரையிலுள்ள உரகபுரத்தில், அதாவது உறையூரில், அவன் பாசறை அமைத்திருந்தான் என்றும் சொல்கின்றது. மூன்றாவதாக, பிற்காலப் பல்லவ மன்னன் ஒருவனுடைய உதயேந்திரம் செப்பேடு, பரமேசுவரவர்மன் வென்ற இடம் பெருவளநல்லூர் என்று பெயர் கூறுகின்றது. பெருவளநல்லூர் திருச்சிராப்பள்ளிக்கு அருகே, காவிரிக்கு வடபால் உள்ளது. இம்மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது தான் செய்தி தெளிவடைகின்றது: சளுக்கியன் காஞ்சியைக் கடந்து காவிரி வரை வந்ததும் மெய், அங்கே அவன் தோல்வியுற்றதும் மெய்யாகலாம். இரண்டு புகழ்ச்சிகளும் தத்தம் கட்சிக்கு வேண்டாததை மட்டும் விழுங்கிவிட்டன. அரசவைக் கவிகள் முழுப்பொய் கூறுதல் அரிது. எதைச் சொல்லாது விடுவது என்பதிலேதான் அவர்கள் திறமை இருக்கின்றது.

காலத்தை எவ்வாறு அறிந்தோம்? கட்வால் செப்பேட்டிற் சக ஆண்டு 596 என்றும் வைசாக பூரணை என்றும் குறிப்பு உண்டு. கணக்கிட்டபோது அது கி.பி. 674ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாளாக வந்தது. பகைவனுடைய பட்டயத்திலிருந்த தேதியே தேதியில்லாத கூரத்துப் பட்டயத்திற்கும் காலத்தைக் காட்டிற்று. இங்கே சரித்திரத்தின் பூட்டைத் திறந்தது கணிதம்.

அக்கணிதம் எளிதன்று. திதி என்பது நாள் அன்று. சூரியனைவிட்டுச் சந்திரன் பன்னிரண்டு பாகை விலகுதற்குச் செல்லும் காலமே ஒரு திதி. சந்திரனுடைய வேகம் ஒரு நிலையில் நில்லாமையால் ஒரு திதி சிலபோது நாளினும் நீளும், சிலபோது குறுகும். முப்பது திதி கொண்ட சாந்திர மாதம் ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். பன்னிரண்டு மாதம் கூடியும் சூரிய வருடத்திற்குப் பதினொரு நாள் குறையும். அதனை ஈடுசெய்ய அதிகமாதம் வரும். இத்துணைச் சிக்கலுக்குள் ஒரு கல்வெட்டு, திதியையும் கிழமையையும் நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொல்லுமாயின், அம்மூன்றும் ஒருங்கே பொருந்தும் நாள் ஓர் அரசனுடைய ஆட்சிக்காலத்துள் மிகச் சிலவே இருக்கும். ஆகவே கல்வெட்டு எழுதியவன் தான் அறியாமலே வருங்காலத்தார்க்கு ஒரு சமன்பாட்டை விட்டுச் சென்றிருக்கின்றான்.

இத்துறையில் தமிழ்நாட்டார் மறக்கலாகாத பெயர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையுடையது. கிறிஸ்தவ சமயத்தினர், சட்டத்திற் பட்டம் பெற்றவர், அரசாங்க உத்தியோகத்தில் உயர்ந்து, சென்னைச் சட்டசபையின் தலைவராயிருந்து 1925ஆம் ஆண்டில் மறைந்தவர். இத்தனை அலுவல்களுக்கிடையே 1911ஆம் ஆண்டில் இந்தியக் காலக்கணிதம் பற்றிய நூலையும், 1922ஆம் ஆண்டில் கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் திதி நட்சத்திரம் காட்டும் பேரகராதி போன்ற பஞ்சாங்கத் தொகுதிகளையும் வெளியிட்டார். கணிப்பொறி இல்லாத காலத்து வேலை அது! அவருக்குப் பின் வந்த கல்வெட்டறிஞர் பலர் அத்தொகுதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பணி செய்தனர். எனினும் அவர் கணக்கிட்ட ஒரு முடிவு இன்றும் வாதத்திற்கு உரியதாகவே நிற்கின்றது. பரிபாடலின் பதினோராம் பாடலிற் கூறிய கோள்நிலை கி.பி. 634 ஜூன் 17ஆம் நாளுக்குப் பொருந்தும் என்றார். இலக்கிய வரலாற்றார் பலர் அதனை ஒப்பவில்லை. கணக்கிற் பிழையென்று அவர்கள் கூறவில்லை. புலவர் கண்டதையே பாடினார் என்று தொடக்கத்திற் கொண்ட கோளையே மறுக்கின்றனர். கணிதம் தான் பெற்றுக்கொண்ட மெய்யைக் கெடாமற் கொண்டுசேர்க்கும். பொய்யையும் அவ்வாறே கொண்டுசேர்க்கும்.

மீண்டும் செப்பேட்டிற்கு வருவோம். பரமேசுவரமங்கலம் என்னும் ஊரை இருபத்தைந்து பங்காக்கி, மூன்று பங்கு கோயிற் பூசைக்கும் புதுப்பித்தற்கும், ஒரு பங்கு மண்டபத்திற்குத் தண்ணீரும் தீயும் அமைப்பார்க்கும், ஒரு பங்கு அம்மண்டபத்திற் பாரதம் வாசிப்பார்க்கும், எஞ்சிய இருபது பங்கு நான்மறை வல்லார் இருபதின்மர்க்கும் என்று வகுத்தனர். பாரதம் வாசிப்பார்க்கு நிலம் விட்ட செய்தி ஒன்றே தனிக் கட்டுரைக்கு உரியது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு சிற்றூர் மண்டபத்திற் பொதுமக்கள் கூடிக் கதை கேட்டதற்கு அது சான்று. ஆயின் இங்கு நாம் கணக்கை மட்டும் பார்ப்போம்.

இருபத்தைந்து என்னும் எண் தமிழ்க் கீழ்வாய்க்கு இணங்காதது போல் தோன்றும். இருபதில் ஒன்று மா; எண்பதில் ஒன்று காணி; முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. இவற்றுள் எதனைக் கூட்டினும் இருபத்தைந்தில் ஒன்று நேரே வாராது. முக்காணி வைத்தால் முந்நூற்றிருபதிற் பன்னிரண்டு ஆகும். வேண்டியதோ பன்னிரண்டே முக்காலே ஒரு மா. எஞ்சிய முக்காலே ஒரு மாவை முந்திரியின் கூறாகக் கொள்ளவேண்டும். அதாவது, முந்திரியையே ஒன்றாக வைத்து மறுபடியும் அதே வாய்பாட்டால் வகுக்கும் கீழ்க்கணக்கினால், ‘முக்காணியே கீழ் முக்காலே ஒருமா’ என்று எச்சமின்றி முடிந்துவிடும். மாணாக்கர் தாமே போட்டுப் பார்க்கலாம். இக்கீழ்க்கணக்கு தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளில் நிலவரி கணிப்பதற்கு விரிவாக ஆளப்பட்டுள்ளது. கூரத்துச் செப்பேட்டினரோ பின்னத்தை எழுதாமற் பங்கு என்றே சொல்லித் தொல்லையைத் தவிர்த்துக்கொண்டனர்.

நிலவளவையில் இதனினும் பெரிய தடை ஒன்று உண்டு. குழி என்பது ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உடைய நிலம். கோலோ ஊருக்கு ஊர் வேறு. பன்னிருசாண் கோலால் அளந்த குழி நூற்றுநாற்பத்துநான்கு சதுரச் சாண். பதினாறுசாண் கோலால் அளந்தது இருநூற்றைம்பத்தாறு. எனவே பெரிய கோலின் நூறு குழி சிறிய கோலின் நூற்றெழுபத்தெட்டுக் குழிக்குச் சமம். இரண்டு கல்வெட்டுகளிலும் ‘நூறு குழி’ என்று கண்டு, இரண்டு கோயில்களுக்கும் ஒரே அளவு நிலம் இருந்தது என்று எழுதும் சரித்திரக்காரர் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி தவறுகின்றார். இதனாற்றான், சில கோயிற் சுவர்களில் வெட்டப்பட்டிருக்கும் அளவுகோற் கீறல்களை ஆராய்ச்சியாளர் நாடாப் பிடித்து அளக்கின்றனர். பார்ப்பவர்க்கு அது வீண்வேலை போல் தோன்றலாம். ஒரு நாட்டின் வரி, விளைவு, மக்கட்டொகை ஆகிய எல்லாக் கணக்கும் அந்தக் கீறலின் மேலே நிற்கின்றது.

இனி விஞ்ஞானம். கூரத்திலிருந்து கிடைத்த நடராச வடிவம் ஒன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. தில்லைக் கூத்தனைப்போற் காலைக் குறுக்கே வீசாமல், முழங்காலை மேலே உயர்த்திய ஊர்த்துவஜானு நிலை. செப்புத் திருமேனிகளுள் இது மிகப் பழையவற்றுள் ஒன்று என்பதில் அறிஞர் ஒத்தாலும், பல்லவர் காலத்ததா, முற்சோழர் காலத்ததா என்பதில் வேறுபடுகின்றனர். ஆடை மடிப்பு, அணி, முகவாட்டு ஆகியவற்றைக் கொண்டு காலங் கூறுதல் கலையாராய்ச்சியின் வழி. தேர்ந்த கண் மிகவும் உதவும். ஆயின் தேர்ந்த கண்கள் இரண்டு மாறுபட்டால் யாது செய்வது?

இரசாயனத்தைக் கேட்கலாம். உயிர்ப்பொருளின் காலத்தைக் கரியணுவால் அறிவது போல் உலோகத்தை அறிதல் இயலாது. உலோகத்திற் கரி இல்லை. சுட்ட மண்ணின் காலத்தை அதனுள் சேர்ந்த ஒளியாற்றலைக்கொண்டு அளப்பதுண்டு. பிறநாட்டு உள்ளீடற்ற சிலைகளுள் எஞ்சிய மண்ணை அவ்வாறு சோதிப்பர். நம் ஸ்தபதிகளோ மெழுகு வார்ப்பிற் கனமாகவே வார்த்தனர். உள்ளே மண் இல்லை. இவ்வாறு இரண்டு கதவும் அடைபட்ட இடத்தில் மூன்றாவது ஒன்று திறந்தது. செம்போடு வெள்ளீயமும் காரீயமும் கலப்பது வழக்கம். காரீயத்துக்கு நிலையான ஐசோடோப்புகள் நான்கு. 204 என்னும் எடையுடையது தொன்றுதொட்டு மாறாதது; 206, 207 இரண்டும் யுரேனியம் சிதைவதனாலும், 208 தோரியம் சிதைவதனாலும் மேலும் மேலும் சேர்வன. ஆகவே ஒவ்வொரு சுரங்கத்துக் காரீயத்திற்கும் இந்நான்கின் விகிதம் வேறுபடும். எள்ளத்தனை உலோகத் துகளை எடுத்து அவ்விகிதத்தை அளந்தால், எந்தெந்தச் சிலைகள் ஒரே வகைக் காரீயத்தால் ஆயின என்று தொகுக்கலாம். காலம் எழுதப்பெற்ற சிலைகள் ஒரு தொகுதியில் இருந்தால், காலம் தெரியாத சிலைக்கும் இடம் கிடைக்கும். பொறியியலும் தொல்லியலும் அறிந்த சாரதா சீனிவாசன் இவ்வழியில் தென்னாட்டுப் படிமங்கள் பலவற்றை ஆய்ந்து, நடராச வடிவம் சோழர்க்கு முன்னரே பல்லவர் காலத்தில் உலோகத்தில் வார்க்கப்பட்டது என்று 2004ஆம் ஆண்டில் வாதித்தார். அனைவரும் ஒப்பினர் என்று சொல்லமாட்டேன். காரீயம் பழையதாயிருக்கச் சிலை புதியதாயிருத்தல் கூடும். பழைய பாத்திரத்தை உருக்கி வார்ப்பதும் உண்டன்றோ? இவ்வினாவுக்கு இடந்தருவதே அம்முறையின் நேர்மை.

சட்டம் இங்கு எவ்வாறு வந்து சேரும் என்று கேட்பார்க்கு இரண்டு சொல்லலாம்.

ஒன்று, செப்பேடே ஒரு சட்டப் பத்திரம். கொடுத்தவன், பெற்றவன், சொத்து, பயன்படுத்தும் வகை ஆகிய எல்லாம் அதிலுண்டு. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட பத்திரம் உரியவர் காவலிலிருந்து வருமாயின் மெய்யென்று ஊகிக்கலாம் என்றது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் அதன் இடத்தில் வந்துள்ள புதிய சட்டமும் அவ்விதியை விடவில்லை. கோயிற் பட்டயம் கோயில் தர்மகர்த்தாவிடம் இருந்தது என்று ஹூல்ட்ஷ் குறித்ததை மேலே கண்டோம். எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது என்னும் இரண்டு வினாவும் நீதிபதிக்கும் சரித்திரக்காரர்க்கும் பொதுவானவை. போலிப் பட்டயங்கள் நம் நாட்டிற் குறைவல்ல. நிலவழக்குக்காகவே பிற்காலத்தில் வெட்டி, முற்கால அரசன் தலையில் ஏற்றியவையும் உண்டு. எழுத்தின் வடிவமும் மொழிநடையும் சொன்ன காலத்தோடு பொருந்தாதபோது அவை பிடிபடுகின்றன.

மற்றொன்று, இலண்டன் மாநகரில் நடந்த பத்தூர் நடராசர் வழக்கு. தஞ்சைப் பக்கத்துப் பத்தூரில் 1976ஆம் ஆண்டு மண்ணிலிருந்து கிடைத்த சிலைகளுள் ஒன்று களவாகக் கடல்கடந்து சென்றது. 1982இற் கனடா நாட்டு நிறுவனமொன்று அதனை இலண்டனில் விலைக்கு வாங்க, காவற்றுறையினர் கைப்பற்றினர். இதுவே பத்தூரிலிருந்து போன சிலை என்று மெய்ப்பித்தல் எப்படி? இரா. நாகசாமி போன்ற கலையறிஞர் வடிவமைதியை எடுத்துக்காட்டினர். உலோகக் கலவையை ஒப்பிட்டனர். சிலைமேல் ஒட்டியிருந்த மண்ணையும், அதன்மேற் கறையான் இட்ட தடங்களையும்கூட, அவ்வூரிற் கிடைத்த மற்றைச் சிலைகளோடு வைத்துப் பார்த்தனர். கறையானும் சாட்சி சொல்லும் காலம் இது! 1988இல் தீர்ப்பு இந்தியாவின் பக்கமாயிற்று. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. சிலை அவ்வாண்டே திரும்பியது. பாழடைந்த கோயில் ஒன்று ஆங்கில நீதிமன்றத்தில் தானே வழக்காடலாமோ என்னும் கேள்விக்கு, இந்தியச் சட்டம் அதனை ஓர் ஆளாகக் கொள்வதால் ஆங்கில நீதிமன்றமும் ஏற்கலாம் என்று விடையளித்தமை சட்ட ஆராய்ச்சியில் நிலைத்த இடம் பெற்றுவிட்டது.

இத்துறைகளை அடுத்தடுத்து வைத்து நோக்கும்போது, ‘மெய்ப்பித்தல்’ என்னும் ஒரு சொல் நான்கு பொருள்படுதல் புலனாகின்றது. கணிதன் ஒருமுறை நிறுவியதை ஆயிரம் ஆண்டு சென்றும் மாற்றவேண்டுவதில்லை. விஞ்ஞானி தன் அளவையோடு பிழையின் எல்லையையும் சேர்த்தே சொல்வான். சரித்திரக்காரன் புதிய சாசனம் ஒன்று நாளைக் கிடைத்தால் இன்றைய முடிவைத் திருத்தக் கடமைப்பட்டவன். நீதிபதிக்கோ அந்த ஓய்வு இல்லை. சான்று போதாதெனினும் குறித்த நாளில் ஒருவர்க்குச் சார்பாகச் சொல்லியே தீரவேண்டும். ஆகவே உரிமை வழக்குகளில் ‘எது மிகுதியும் நிகழ்ந்திருக்கக்கூடும்’ என்ற அளவோடு அமைகின்றார். பத்தூர் வழக்கில் வென்றதனாலேயே அந்தச் சான்றுகள் கணிதத் தேற்றம்போல் நிறுவப்பட்டன என்று கொள்ளுதல் கூடாது. தேற்றம்போல் நிறுவப்படவில்லை என்று சிலையைக் கொடாது விடுதலும் நீதியாகாது. ஒரு துறையின் தராசை மற்றொரு துறையில் வைத்து நிறுப்பவர்களே நம்மிற் பெரும்பாலார். விஞ்ஞான மாணாக்கர் சரித்திரத்தை ‘வெறும் ஊகம்’ என்பதும், சரித்திர மாணாக்கர் கணிதத்தை ‘வெறும் எண்’ என்பதும் இம்மயக்கத்தாலேயாம்.

கூரத்தில் இன்னும் செய்யவேண்டுவன உள. பரமேசுவரமங்கலத்து ஏரியாகிய பரமேசுவர தடாகத்திற்குப் பாலாற்றிலிருந்து நீர் கொணரப் பெரும்பிடுகு என்னும் வாய்க்கால் வெட்டப்பட்டது என்று செப்பேடு கூறுகின்றது. பாலாறோ இன்று ஆண்டின் பெரும்பகுதியில் மணலாறு. அவ்வாய்க்கால் எத்திசையிற் சென்றது, நிலத்தின் சரிவு அதற்கு எவ்வாறு இடந்தந்தது என்பதைத் தேடப் பூகோளப் படங்களும், வானிலிருந்து எடுத்த நிழற்படங்களும், பழைய நிலவளவைப் பதிவேடுகளும், ஊர்ப் பெரியோர் வழங்கும் வயற்பெயர்களும் வேண்டும். விடுமுறையில் நாலைந்து மாணாக்கர், பொறியியல் பயில்வார் ஒருவரும் கல்வெட்டு எழுத்தறிந்தார் ஒருவரும் உட்பட, தொடங்கக்கூடிய வேலை இது. செப்பேட்டின் கடைப்பகுதியோ கிடைத்திலது. ஏழாம் ஏட்டிற்குப்பின் எத்தனை ஏடு இருந்தன என்று சொல்லுதற்கும் வழியில்லாமல் வாசகம் இடையிலே நின்றுவிடுகின்றது.